பர்மா பூதீஜோ: சுரைக்காயை மொறுமொறுவென்று பொரிக்க முழு வழிகாட்டி

சுரைக்காயில் 100-க்கு 95 பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர்க் காயைக் காயும் எண்ணெயில் இறக்கி, வெளியே அப்பளம் போலவும் உள்ளே வெண்ணெய் போலவும் எடுப்பதற்குப் பெயர் பூதீஜோ. பர்மியில் பூதீ என்றால் சுரைக்காய், ஜோ என்றால் பொரித்தது. ரங்கூனில் மாலை நான்கு மணிக்கு மேல் எந்தத் தெருமுனை அஜோ கடையில், அதாவது பொரித்த பண்டக் கடையில், நின்றாலும் முதலில் காலியாகும் தட்டு இதுதான். காலையில் மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் கத்தரிக்கோலால் நறுக்கிப் போடுவதும் இதைத்தான்.

நம் வீடுகளில் சுரைக்காய் பஜ்ஜி தெரியாதவர் இல்லை. ஆனால் கடலை மாவில் தோய்த்த நம் பஜ்ஜி வாணலியை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடமே துவண்டுவிடும். பூதீஜோ சரியாக வந்தால் ஒரு மணி நேரம் கழித்தும் பல்லில் நொறுங்கும். கைப்பக்குவம் பிறகுதான், வித்தியாசத்தின் பெரும்பங்கு மாவுக் கலவையிலும் இரண்டு முறை பொரிப்பதிலும் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த 95 பங்குத் தண்ணீர் மேலோட்டை நனைக்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான். எந்தப் படியில் அவசரப்பட்டாலும் அது தட்டில் தெரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

நான்கைந்து பேருக்கான கணக்கு இது. சந்தையில் வீசைக் கணக்கில் வாங்குபவர்களுக்கு: ஒரு வீசை 1.63 கிலோ, அதில் 100 கியாத்தா. ஆக 10 கியாத்தா என்றால் 163 கிராம். வீட்டில் தராசு இருந்தால் கிராமிலேயே எடுங்கள். மாவில் 30 கிராம் கூடினாலும் குறைந்தாலும் பொரியல் மாறிவிடும்.

காய்க்கு: இளம் சுரைக்காய் ஒன்று, முழுதாக 900 கிராம் அளவில். தோலும் பஞ்சும் போனால் 500 முதல் 550 கிராம் மிஞ்சும்.

மாவுக்கு: பச்சரிசி மாவு 150 கிராம், கோங்நியின் மாவு 50 கிராம், கடலை மாவு 40 கிராம், மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, இஞ்சி ஒரு கட்டைவிரல் நீளம், பூண்டு 4 பல், காரமான பச்சை மிளகாய் 5, தெளிந்த சுண்ணாம்பு நீர் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் 300 மில்லி. காயின் மேல் தூவத் தனியாகப் பச்சரிசி மாவு 2 மேசைக்கரண்டி.

பொரிக்க: நிலக்கடலை எண்ணெய் 750 மில்லி. 26 செ.மீ. வாணலியில் இது நடுவில் சுமார் இரண்டு விரற்கடை உயரம் நிற்கும்.

கோங்நியின் என்பது பசையரிசி. செட்டிநாட்டில் கவுனி அரிசி என்று பொங்குகிறார்களே, அந்தக் கறுப்பரிசியும் பசையரிசிதான்; இங்கே வெள்ளை மாவாக வாங்குங்கள். ரங்கூனில் இருப்பவர்களுக்கு மாவு வகைகளும் மசாலாவும் தெயின்ஜி மார்க்கெட்டில் ஒரே சுற்றில் கிடைத்துவிடும்.

காயைத் தேர்ந்தெடுப்பது

நீளக் காயையே வாங்குங்கள். கழுத்துப் பகுதியில் விதையும் பஞ்சும் இராது, சதை கெட்டியாக இருக்கும், பூதீஜோவுக்கு அதுதான் தங்கம். உருண்டைக் காயில் பாதி வயிறு பஞ்சாகப் போகும். தோலில் மெல்லிய ரோமம் கைக்குப் பட வேண்டும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் சட்டென்று இறங்கி, அந்த இடத்தில் ஈரம் கசிய வேண்டும். தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும் காய் முற்றியது. குழம்புக்குப் போட்டுக்கொள்ளலாம், இதற்கு ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காம்புப் பக்கத்தில் ஒரு மெல்லிய சீவல் வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். சுரைக்காயில் எப்போதாவது குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள் கூடிவிடும். வாந்தி, இரத்தப்போக்குடன் வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்க வைக்கும் அளவுக்கு அது கொடியது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. கசப்பை உப்பும் காரமும் மறைத்துவிடும் என்று எண்ணிச் சமைக்கக் கூடாது.

நறுக்குவதும் உலர்த்துவதும்

தோலை மெல்லிசாகச் சீவுங்கள். நீளவாக்கில் பிளந்து, விதையோடு ஒட்டிய பஞ்சுப் பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பஞ்சு கொஞ்சம் தங்கினாலும் அதுதான் எண்ணெய்க்குள் தண்ணீரைக் கக்கி மேல்மாவை உரிக்கும். மீதிச் சதையை 7 அல்லது 8 செ.மீ. நீளத்தில், சுண்டுவிரல் தடிமனில், அதாவது 1 செ.மீ. சதுரக் குச்சிகளாக நறுக்குங்கள். தடிமன் ஒன்றுபோல் இருப்பது நீளத்தைவிட முக்கியம். ஒன்று அரை செ.மீ., இன்னொன்று ஒன்றரை செ.மீ. என்று இருந்தால், முதலாவது வெந்து கூழாகும்போது இரண்டாவது பச்சை வாடை அடிக்கும்.

நறுக்கிய காயில் உப்புப் போட்டுப் பிழியும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதற்கு அது வேண்டாம். உப்பு உள்ளே இருக்கும் நீரை மேலுக்கு இழுக்கும். பிழிந்தாலும் கசிவு நிற்காது, காயும் தோல்போல் ஆகிவிடும். உள்நீர் உள்ளேயே இருக்கட்டும், பொரியும்போது காயை வேகவைப்பது அதுதான். நாம் நீக்க வேண்டியது வெட்டிய முகத்தில் இருக்கும் ஈரத்தை மட்டும். சுத்தமான பருத்தித் துணியில் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி 20 நிமிடம் விடுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். தொட்டால் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு போதும், ஈரம் கூடாது.

சுண்ணாம்பு நீர்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் வெற்றிலைக் கடை இல்லாத தெரு இல்லை என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை; ஆனால் வாசனையோ வேறெதுவோ கலக்காத வெறும் வெள்ளைச் சுண்ணாம்பாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு கொண்டைக்கடலை அளவு எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே பளிங்கு போல் தெளிந்து நிற்கும் நீரில் 2 மேசைக்கரண்டி மட்டும் எடுங்கள். அடியில் தங்கிய வண்டலைக் கிளறிவிடாதீர்கள். சுண்ணாம்பைத் தொட்ட கையைக் கழுவாமல் கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது, குழந்தைகள் எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது.

இது செய்யும் வேலைகள் இரண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) ஏறிய மாவு எண்ணெயில் சீக்கிரம் பொன்னிறமாகும். அதனால் காய் கூழாவதற்குள் ஓடு சிவந்துவிடும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம், காயின் மேற்பரப்பில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும். பூசணிக்காயைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மிட்டாய் செய்கிறவர்களுக்கு இந்த இறுக்கம் நன்றாகத் தெரியும்.

அளவு கூடிவிட்டதா என்று கண்டுபிடிக்க மாவே வழி சொல்லும். மஞ்சள்தூள் சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டால் சிவக்கும் இயல்பு உடையது. சுண்ணாம்பு நீர் ஊற்றிய இடத்தில் கரண்டியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு கோடு ஓடும், கலக்கினால் மறைந்து மாவு பழைய மஞ்சளுக்கோ சற்றே ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கோ திரும்பும். அதுதான் சரியான அளவு. கலக்கிய பிறகும் மாவு முழுவதும் குங்குமம் கரைத்ததுபோல் சிவந்தே நின்றால் சுண்ணாம்பு அதிகம். வாயில் கசப்பும் சோப்பு வாடையும் வரும். அப்போது பச்சரிசி மாவும் தண்ணீரும் சேர்த்து அளவைப் பெருக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சுண்ணாம்பு கிடைக்காத ஊரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். மொறுமொறுப்பு வரும், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

மாவைக் கரைப்பது

மூன்று மாவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பச்சரிசி மாவு மட்டும் போட்டால் ஓடு கல் மாதிரி கெட்டியாகும், ஆறியதும் பல்லைப் பதம் பார்க்கும். பசையரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. அது எண்ணெயில் பொங்கி, ஓட்டுக்குள் சிறுசிறு காற்றறைகளை உண்டாக்கும். அதனால்தான் கடித்தால் நொறுங்குகிறது. ஆனால் அதையே கூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுபடும். கடலை மாவு நிறத்துக்கும் மணத்துக்கும். 40 கிராமைத் தாண்டினால் நீங்கள் செய்வது பஜ்ஜி. மழைக்காலத்தில், அதாவது ஜூன் முதல் அக்டோபர் வரை ரங்கூன் ஈரக்காற்றில் மாவுப் பையே நமத்துக் கிடக்கும். அந்த மாதங்களில் பச்சரிசி மாவை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் மூன்று நிமிடம் சூடாக்கி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அம்மியிலோ மிக்ஸியிலோ விழுதாக அரைத்து, கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கலந்து, வடிகட்டியில் அழுத்திச் சாறு எடுங்கள். இந்தக் கால் டம்ளரும் 300 மில்லி கணக்கில் சேரும். சக்கையை மாவில் போட்டால் அது எண்ணெயில் உதிர்ந்து கருகும், மூன்றாவது ஈடு பொரிக்கும்போது எண்ணெய் கசந்துவிடும். சாறாகச் சேர்த்தால் காரம் ஓடு முழுக்க ஒரே சீராகப் பரவும். இன்னும் காரம் வேண்டுமானால் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம், தூள் கருகும். மீதிக் காரத்தைத் தொட்டுக்கொள்ளும் புளிச்சாற்றில் வைத்துக்கொள்வதே நல்லது.

மாவுகள், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து, இந்தச் சாற்றையும் முதலில் 200 மில்லி தண்ணீரையும் ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு சுண்ணாம்பு நீர். மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். பதம் ஆப்ப மாவைவிடத் தளர்வாக, மோரைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியின் முதுகை மாவில் முக்கி எடுத்து, விரலால் நடுவே கோடு இழுங்கள்; அந்தக் கோடு இரண்டு மூன்று விநாடி நின்று பிறகு மூட வேண்டும். உடனே மூடினால் தண்ணீர் அதிகம். மூடவே இல்லையென்றால் கெட்டி.

கரைத்த மாவை 30 நிமிடம் மூடி வையுங்கள். அரிசி மாவு தண்ணீர் குடிக்க நேரம் வேண்டும். ஊறாத மாவு எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும், ஓடும் மணல்மணலாக இருக்கும். ஊறியபின் சற்று இறுகியிருந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுச் சரிசெய்யலாம். ஐஸ் தண்ணீர் தேவையில்லை. கோதுமை மாவில் பசை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஐஸ் போடுவார்கள், இதில் கோதுமையே கிடையாது.

எண்ணெயும் அடுப்பும்

நிலக்கடலை எண்ணெய்தான் இதற்கு ஏற்றது. மக்வே, மந்தலே, சகாயிங் என்று நாட்டின் நடுப்பகுதி முழுக்க நிலக்கடலை விளையும் மண். அந்த மணம் இல்லாமல் பூதீஜோவுக்குப் பாதி உயிர் இல்லை. நல்ல எண்ணெய் விலை அதிகம் என்பதால் பாமாயிலுடன் பாதிப் பாதி கலப்பவர்கள் இருக்கிறார்கள். பொரிப்பதில் குறை வராது, ஆறியதும் நாக்கில் மெழுகு போல ஒரு படலம் தெரியும்.

வெப்பமானி இருந்தால் முதல் பொரிப்புக்கு 165 முதல் 170 டிகிரி செல்சியஸ், இரண்டாவதற்கு 185 முதல் 190. இல்லாவிட்டால் காய்ந்த மூங்கில் குச்சியை எண்ணெயில் நிறுத்துங்கள். குச்சியைச் சுற்றிச் சிறு குமிழ்கள் மெல்லக் கோத்தாற்போல் எழுந்தால் முதல் பொரிப்புக்குச் சரி. குமிழ்கள் வேகமாக, ஓசையோடு எழுந்தால் இரண்டாவதற்கான சூடு. புகை வந்தால் எந்தப் பொரிப்புக்கும் ஆகாது, அடுப்பிலிருந்து இறக்குங்கள்.

கரண்ட் இல்லாத வேளையில் கரி அடுப்பில் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. கரி முழுவதும் சிவந்து மேலே சாம்பல் படர்ந்த பிறகே வாணலியை ஏற்றுங்கள். கரும்புகை வரும் நேரத்தில் ஏற்றினால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் பொரிப்பை எல்லா ஈடுகளுக்கும் முடித்துவிட்டு, அடுப்பு வாயைத் திறந்து விசிறிச் சூட்டை ஏற்றி, இரண்டாவது பொரிப்பை ஒரே மூச்சில் முடிப்பதுதான் கரி அடுப்பில் சுலபம். எண்ணெய் வாணலியின் பாதிக்கு மேல் நிற்கக் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் பொருத்தமான மூடியால் மூடி, காற்றை அடையுங்கள்.

பொரிப்பது

உலர்ந்த குச்சிகளின் மேல் தனியாக வைத்த அரிசி மாவைத் தூவிப் புரட்டி, அதிகமானதை உதறிவிடுங்கள். மேலே பனி படிந்தாற்போல் தெரிந்தால் போதும். இந்த உலர்ந்த மாவுதான் காய்க்கும் கரைத்த மாவுக்கும் நடுவே பிடிமானம். இதை விட்டால் வாணலியில் ஓடு ஒரு பக்கம் மிதக்கும், காய் ஒரு பக்கம் மிதக்கும்.

அடுத்தது எல்லோரும் தவறும் இடம். அரிசி மாவுக் கரைசல் நின்ற இடத்தில் நிற்காது; இரண்டே நிமிடத்தில் மாவு அடியில் படிந்து மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். முதல் ஈடு மெல்லிசாக, கடைசி ஈடு செங்கல் மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு முறை காயை முக்குவதற்கு முன்பும் அடிவரை கலக்குங்கள்.

அஜோ கடைகளில் பெரும்பாலும் மூன்று நான்கு குச்சிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டித் தெப்பம் போலப் பொரிப்பார்கள். வீட்டிலும் செய்யலாம். தட்டையான ஜல்லிக் கரண்டியை முதலில் சூடான எண்ணெயில் ஒருமுறை முக்கி எடுங்கள். இல்லையென்றால் மாவு கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். மாவில் தோய்த்த மூன்று குச்சிகளை அதன்மேல் அடுக்கி, மேலே ஒரு சிறு கரண்டி மாவை ஓடவிட்டு, வாணலியின் ஓரத்தில் கரண்டியைச் சாய்த்து மெல்ல வழுக்கி இறக்குங்கள். மேலிருந்து போடாதீர்கள், எண்ணெய் தெறிக்கும், தெப்பமும் கலைந்துவிடும். ஒரு ஈட்டுக்கு நான்கு தெப்பம், அல்லது தனிக்குச்சியானால் பத்து. அதற்கு மேல் போட்டால் எண்ணெய் சட்டென்று குளிர்ந்துவிடும், குளிர்ந்த எண்ணெயில் மாவு எண்ணெயைக் குடிக்கும்.

இறக்கிய முதல் ஒரு நிமிடம் தொடவே கூடாது. ஓடு பிடிக்கட்டும். பிறகு திருப்புங்கள். இனிக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் பெரிய குமிழ்கள், ‘சளசள’வென்று கனத்த ஓசை, அது காயிலிருந்து ஆவியாகும் தண்ணீரின் சத்தம். மூன்றாவது நிமிடத்தில் குமிழ் சிறுத்து, ஓசை ‘சரசர’வென்று மெலியும். நான்கு நிமிடத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பொன்னிறம் இப்போது வேண்டாம்.

எடுத்ததைத் தாளின் மேல் குவிக்காதீர்கள். இடைவெளியுள்ள கம்பித் தட்டிலோ மூங்கில் முறத்திலோ ஒற்றை வரிசையாக நிறுத்தி வையுங்கள். தாளில் குவித்தால் அடியில் உள்ளவை மேலே உள்ளவற்றின் ஆவியிலேயே அவிந்துபோகும். பத்து நிமிடம் ஆறட்டும். அதற்குள் காயின் நடுவில் இருக்கும் ஈரம் ஓட்டுக்கு நகர்ந்துவரும். தொட்டால் ஓடு சற்றே நமத்திருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டாவது பொரிப்பு அந்த ஈரத்தைத்தான் விரட்டப் போகிறது.

எண்ணெயில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளை வடிகட்டியால் அரித்து எடுத்துவிட்டு, சூட்டை 185-க்கு மேல் ஏற்றுங்கள். இப்போது ஒரு ஈட்டுக்கு ஆறேழு தெப்பம் போடலாம். ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். நிறம் கண்முன்னே மாறும். நன்கு பழுத்த எலுமிச்சையின் மஞ்சளிலிருந்து வறுத்த நிலக்கடலையின் நிறத்துக்கு வரும்போது எடுத்து, மறுபடி கம்பித் தட்டில் வையுங்கள். கரண்டியால் தட்டினால் உலர்ந்த சத்தம் வர வேண்டும்.

புளிச்சாறு

பூதீஜோவின் காரம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. 40 கிராம் புளியை 150 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். கலா ஓ மிளகாய் ஆறு, பூண்டு இரண்டு பல், கால் தேக்கரண்டி உப்பு மூன்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். அந்தக் குட்டி மிளகாயின் பர்மியப் பெயருக்கே ‘இந்தியனை அலற வைப்பது’ என்ற பொருள் உண்டு, ஆகவே முதல் முறை செய்பவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இடித்ததைப் புளிக்கரைசலில் சேர்த்து, 20 கிராம் பனைவெல்லம் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி மீன்சாறு (ஃபிஷ் சாஸ்) ஊற்றுங்கள். விரத நாளிலும் சைவ வீட்டிலும் மீன்சாறுக்குப் பதில் அரைத் தேக்கரண்டி உப்பு கூட்டினால் போதும். சோயா சாஸ் ஊற்றினால் நிறமும் மணமும் வேறு பக்கம் போய்விடும். கடைசியாக நறுக்கிய கொத்தமல்லி, மெல்லிய வெங்காயத் துண்டுகள்.

மிக்ஸியில் அரைத்து நைசாக்காதீர்கள். தொட்டுக்கொள்ளும்போது ஒரு மிளகாய்த் துணுக்கும் ஒரு பூண்டுத் துணுக்கும் ஓட்டில் ஒட்டி வர வேண்டும். கரைசல் தண்ணீராக இருந்தால் ஓட்டுக்குள் ஊறிவிடும், கெட்டியாக இருந்தால் மேலேயே நிற்கும். தேன் ஒழுகும் பதம் சரியானது.

பரிமாறும்போது தெப்பத்தைக் கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, சலாட் இலையில் ஒரு துண்டு வைத்துச் சுருட்டி, புளிச்சாற்றில் தொட்டு, பக்கத்தில் பாலில்லாத சூடான பச்சைத் தேநீர். புளிச்சாற்றை மேலே ஊற்றிக் கொடுப்பவர்கள் இவ்வளவு நேரம் பட்ட பாட்டை ஒரு கரண்டியில் கெடுக்கிறார்கள்.

கெட்டுப்போனால் எங்கே தவறு

மேல்மாவு காயிலிருந்து கழன்று வருகிறதா? மேற்பரப்பில் ஈரம் இருந்திருக்கிறது, அல்லது உலர்மாவு தூவவில்லை, அல்லது முதல் நிமிடத்திலேயே கிளறிவிட்டீர்கள். பெரும்பாலும் முதல் காரணம்தான்.

வெளியே கருத்து, உள்ளே பச்சையாக இருந்தால் முதல் பொரிப்பிலேயே சூடு அதிகம். நிறத்தைப் பார்த்து எடுக்காமல் ஓசையைக் கேட்டு எடுங்கள். சுண்ணாம்பு கூடியிருந்தாலும் இப்படிச் சீக்கிரம் கருக்கும்.

கையில் எண்ணெய் ஒழுகினால் சூடு குறைவு, அல்லது ஒரே ஈட்டில் அள்ளிப் போட்டது, அல்லது மாவு மிகத் தண்ணீர். மூன்றில் எது என்று அறிய ஒரே ஒரு குச்சியைத் தனியாகப் பொரித்துப் பாருங்கள். அது உலர்ந்து வந்தால் மாவில் குறையில்லை, கூட்டத்தில்தான் குறை.

ஆறியதும் கடிக்க முடியாதபடி இறுகினால் கோங்நியின் மாவு குறைவு, அல்லது மாவு கெட்டி. ஓடு 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. பொரித்த துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே காய் பளபளவென்று கண்ணாடி போல் தெரிய வேண்டும், ஓடு அதைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பாக இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் தாங்காமல் துவண்டால் இரண்டாவது பொரிப்பு போதவில்லை, அல்லது மூடி வைத்துவிட்டீர்கள். சூடாக இருக்கட்டும் என்று பாத்திரத்தில் போட்டு மூடுவதைவிடப் பெரிய கேடு இதற்கு இல்லை. திறந்தே வையுங்கள்.

இதே மாவில் வேறு காய்கள்

வட்டமாக நறுக்கிய பெரிய வெங்காயம், கசூன் எனும் வள்ளைக்கீரையின் இளந்தண்டு, சௌ சௌ எல்லாம் இதே மாவில் வரும். சௌ சௌவில் நீர் சற்றுக் குறைவு, முதல் பொரிப்பு ஐந்து நிமிடம் பிடிக்கும். கீரைக்கு ஒரே பொரிப்பு, இரண்டு நிமிடம். மாவையும் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். கத்தரிக்காய் மட்டும் வேண்டாம், அது பஞ்சு போல எண்ணெயை உறிஞ்சும்.

மிஞ்சியதை மறுநாள் வைத்துச் சாப்பிட நினைத்தால் தோ செய்துவிடுங்கள். தோ என்றால் கையால் பிசைந்து கலப்பது. சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ என்று விற்பதும் இந்தச் சொல்தான். குளிர்பெட்டியில் வைத்த பூதீஜோவை 190 டிகிரி எண்ணெயில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, கத்தரிக்கோலால் பொடியாக வெட்டி, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, வெங்காயம், வறுத்த கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி, வறுத்த மிளகாய்த்தூள், மீதமிருக்கும் புளிச்சாறு, பூண்டு பொரித்த எண்ணெய் சிறிது சேர்த்துப் பிசையுங்கள். பிசைந்த கையோடு தட்டுக்கு வர வேண்டும், பத்து நிமிடம் போனால் கூழ்.

பொரித்த எண்ணெயை வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் வெளிச்சம் படாமல் வையுங்கள். இன்னொரு முறை பொரிக்கலாம், அதன்பின் தாளிப்புக்கு. அடுத்த முறை சூடேறும்போது நுரைத்தாலோ வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது.